கரீம் பாட்சாவின் எட்டு பிட்

கரீம் பாட்சாவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. 1988இல் நான் பம்பாய் பக்கம் வாஷி ஆபீஸ்களுக்குப் புது 286 கம்ப்யூட்டர்கள் பொருத்திக்கொண்டிருந்தேன். அவனோ தாராவியில் தன் பை தைக்கும் பட்டறைக்கு மேலே, பழைய சாமான்களை வைத்துத் தானே செய்த எட்டு பிட் இசட்-80 கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அந்தக் கிழட்டு ப்ராஸஸரைத் தூக்கிப் போடுல" என்பேன்.

"லே இசக்கி, ஒன் 286க்குள்ள என்ன நடக்குன்னு ஒனக்கே தெரியாது. இதுல ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும். ஆசைக்குச் செய்யிறவனுக்கு எட்டு பிட்டு போதும்ல" என்பான்.

ஜூன் மழையில் ரயிலிலிருந்து விழுந்து செத்தான்.

அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டால் அதோடு இணைத்த டிவியில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி வரும்: "ஹபீபா, சாப்ட்டியா?" மனைவிக்காக அவன் எழுதிவைத்தது. அவன் போன பிறகும் தினமும் மதியம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் தட்டை எடுத்தாள். செப்டம்பரில் அது நின்றுபோனது. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அதை என்னிடம் தூக்கிவந்தாள்.

பவர் சப்ளைதான் கோளாறு. பத்து நிமிட வேலை. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். வரி இருந்த சிப்பைப் பிரதி எடுத்து வைப்போமே என்று, நம்பர் பார்க்க அதன்மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். தாளுக்கடியில் கண்ணாடி. அதில் நாள்கணக்கில் வெயில் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? ஜன்னலில் வைத்துவிட்டு வாஷி வேலைக்கு ஓடினேன். ஞாபகம் வந்தபோது பத்து நாள் அக்டோபர் வெயில் குடித்திருந்தது. சோதித்துப் பார்த்தேன். சிப் சுத்தமாகக் காலி.

அதே வரியை நானே எழுதிவிடக் கை பரபரத்தது. அவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை. காலிச் சிப்பையே பொருத்தி எடுத்துக்கொண்டு போனேன்.

"அழிச்சிட்டேன் ஹபீபா. என் தப்புதான்."

அவள் நம்பாமல் சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்கள நம்பித்தானண்ணே குடுத்தேன்..." என்று குரலை உயர்த்தியபோது, எங்களுக்குப் பின்னால் டிவி கிர்ரென்றது. திரையில் ஒரு வரி வந்தது:

"ஹபீபா, இசக்கிய ஏசாத."

பிளக்கைப் பிடுங்கினேன். எழுத்து மறைய வெகுநேரம் ஆயிற்று. ஹபீபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். உயிரோடு இருந்தவரை அந்தப் பயல் ஒருநாள்கூட எனக்குப் பரிந்து பேசியதில்லை.