நின்றுகொண்டே பார்த்த மலை

இம்மானுவேலை ஒரு சீட்டில் உட்காரவைத்து, அடியில் ஒரு இன்ஜினை ஓடவிட்டால் போதும், ஆள் அவுட். இது வியாதி இல்லை, பழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் அவன் பர்னஸ் ஆபரேட்டர். வருஷக்கணக்காக நைட் ஷிப்டு. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். மீஞ்சூர் வந்ததும் டிரைவர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி எழுப்புவார். அந்த டிரைவர் லீவு போட்ட நாட்களில் மணலி வரைக்கும் போய், அங்கிருந்து அசடு வழியத் திரும்பி வந்திருக்கிறான். கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து மண்டபத்துக்குப் போன காரில், மாலையும் கழுத்துமாக, பக்கத்தில் புதுப்பெண் மோனிகா உட்கார்ந்திருக்க, வாயைப் பிளந்துகொண்டு தூங்கியவன் அவன். பிரசவ வலியெடுத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோவிலும் தூங்கினான். எதையும் மறுக்கமாட்டான். அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரித்துவிட்டால் அவமானத்தில் பாதி குறையும் என்பது அவன் எண்ணம்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு இது. அவன் எப்போதும்போல ராத்திரி போவான், கார் ஒயர் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிற மோனிகா பகலில் போவாள். வீட்டில் பிள்ளையோடு எந்நேரமும் ஒருத்தர் இருக்க வேண்டுமே. அவன் படியேறும்போது அவள் இறங்குவாள். சாவி கை மாறும். குழம்பு பிரிட்ஜில் இருக்கிற விவரமும் தண்ணீர் லாரி வரவில்லை என்கிற விவரமும் கை மாறும். அவ்வளவுதான் குடித்தனம். இப்போது மகள் நர்சிங் படிக்கத் திருத்தணி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பிள்ளை போனாலும் ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்றலாமே என்று இம்மானுவேலின் மண்டையில் உதிக்கவே இல்லை. தான் ஒரு ராத்திரி இல்லாவிட்டால் பர்னஸ் அணைந்துபோகும், கம்பெனி படுத்துவிடும் என்று அவன் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தான்.

இந்த நேரத்தில்தான் மோனிகாவை ஓசூர் யூனிட்டுக்குக் கூப்பிட்டார்கள். புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை, அங்கேயே தங்கும் இடம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதே வாரம், ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு என்று இம்மானுவேலின் கம்பெனி ஒரு பரிசும் அறிவித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜோடியாக ஒருநாள் விமானச் சுற்றுலா. டூர் கம்பெனி ஒன்று தனி விமானம் எடுத்து, விடியற்காலையில் மீனம்பாக்கத்திலிருந்து கிளப்பி, இமயமலையை ஜன்னல் வழியே காட்டி, வங்காளத்துப் பாக்டோக்ராவில் இறக்கி, டீஸ்டா ஆற்றங்கரையில் சோறு போட்டு, அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிடும். கூடவே கைடு உண்டு.

மோனிகா சண்டை போடவில்லை. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே. சாவியைக் கொடுக்கும்போது படியில் நின்று சொன்னாள்.

"ஓசூருக்குப் போறதா வேணாமான்னு எனக்கே தெர்ல. ஞாயித்துக்கெழம ஒரே ஒரு நாளு எங்கூட முழிச்சிக்கினு இரு. அப்பால முடிவு பண்ணிக்கிறேன்."

இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும். ஆனால் இம்மானுவேல் "சரி" என்று சொல்லிவிட்டு, நேராக மருந்துக் கடைக்குப் போய்த் தலைவலித் தைலம் ஒரு டப்பா வாங்கினான்.

அவனுடைய திட்டம் இதுதான். உட்கார்ந்தால் தூக்கம் வரும். ஆகவே உட்காரக் கூடாது. பர்னஸ் முன்னால் ராத்திரி பூராவும் நின்றுகொண்டு ஒரு நொடி கண் அசராதவன் இல்லையா அவன்? கண்ணுக்குக் கீழே தைலம், சட்டைப் பையில் பச்சை மிளகாய், மற்றபடி நின்றுகொண்டே இமயமலை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு வந்தது. விமானத்தில் மூன்று பேர் உட்காரும் வரிசையில் மோனிகாவுக்கு ஜன்னல், அவனுக்கு நடு சீட்டு. நடைபாதைக்கு அந்தப் பக்கம் பழவேற்காட்டுக்காரர்கள், கருவாடு மொத்த வியாபாரி சஹாபுதீனும் அவர் மனைவி ஜாஹிதாவும். சஹாபுதீன் பெல்ட்டைப் போட்டார், தலையைச் சாய்த்தார், விமானம் நகர்வதற்கு முன்னாலேயே குறட்டை விட ஆரம்பித்தார். எவ்வளவு கவலையில்லாத குறட்டை! இம்மானுவேலுக்கு அடிவயிற்றிலிருந்து பொறாமை பொங்கியது.

விமானம் ஏறும்போது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இன்ஜின் சத்தம் காதில் விழுந்ததுமே உடம்பு இது கம்பெனி பஸ் என்று முடிவுகட்டிவிட்டது. இமை இறங்கியது. பச்சை மிளகாயைக் கடித்தான். மறுபடி இறங்கியது. இன்னொன்று கடித்தான். பெல்ட் விளக்கு அணைந்ததும் துள்ளி எழுந்து, பின்னால் கழிவறைப் பக்கமாகப் போய் நின்றுகொண்டான். ஏர்ஹோஸ்டஸ் பெண் வந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். கால் மரத்துப்போச்சு என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து கேட்டாள். இன்னொரு கால் என்றான்.

அங்கிருந்து பார்த்தபோது அவனுடைய சீட்டில் ஜாஹிதா உட்கார்ந்திருந்தாள். புருஷனின் குறட்டை தாங்காமல் வந்திருப்பாள். இரண்டு பெண்களும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு கீழே எதையோ காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மோனிகா இப்படிச் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. பரவாயில்லை, நாம் முழித்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா, அதுதானே பேச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கைடு பூமிகா, சின்னப் பெண், மைக்கைப் பிடித்தாள். இடது பக்கம் கஞ்சன்ஜங்கா தெரிகிறது, எல்லோரும் பார்க்கிறபடி விமானம் திரும்பும் என்றாள். இந்த இடத்தில் கோட்டை விடக்கூடாது என்று இம்மானுவேல் தைலத்தை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தாராளமாக ஒரு இழுப்பு இழுத்தான். இழுத்த விரல் மிளகாய் தொட்ட விரல். ஐயோ சாமி! கண் இரண்டும் பற்றிக்கொண்டது. தாரை தாரையாகத் தண்ணீர். உலகத்திலேயே மூன்றாவது உயரமான மலை அவன் எதிரில் வெள்ளையாக ஏதோ கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் தட்டுத்தடுமாறி மோனிகாவின் வரிசைக்கு வந்து நின்றான்.

பூமிகா அதைப் பார்த்துவிட்டாள். மலையைப் பார்த்து இந்த அங்கிள் அழுகிறார், இதற்காகத்தான் நாங்கள் இந்த டூரையே நடத்துகிறோம் என்று மைக்கில் உருகினாள். விமானமே திரும்பிப் பார்த்தது. யாரோ கை தட்டினார்கள். ஒருத்தர் போன் எடுத்து வீடியோ பிடித்தார். இம்மானுவேல் கும்பிடு போட்டான். வேறு என்ன செய்ய?

கீழே இறங்கியதும் பஸ். பஸ் அவனுக்கு எமன். ஐம்பது சீட்டும் காலியாக இருந்தாலும் நிற்பது என்று முடிவெடுத்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேயிலைத் தோட்டங்களை இடுப்புக்குக் கீழே மட்டும் பார்த்தபடி போனான். குனிந்தால்தான் மேலே மலை தெரியும். குனிந்தால் தலை முன் சீட்டுக் கம்பியில் இடித்தது. பக்கத்தில் இடமிருந்தும் உங்கள் புருஷன் ஏன் நிற்கிறார் என்று பூமிகா மோனிகாவிடம் கேட்டிருக்க வேண்டும், மூல வியாதி என்று ஜாஹிதா பதில் சொன்னது அவன் காதில் விழுந்தது. மறுத்துப் பேச அவனுக்குத் தெம்பில்லை.

டீஸ்டா ஆறு பச்சையாக ஓடியது. இரண்டு பக்கமும் காடு ஏறிய மலை, நடுவில் உருண்டை உருண்டையாக வெள்ளைக் கற்கள். மோனிகா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரமாக ஒரு பெரிய கல்லில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்து, பக்கத்தில் கையால் தட்டினாள்.

"வா. ஒக்காரு."

அவனுக்கு ஆசைதான். ஆனால் ஆற்றுச் சத்தம் இன்ஜின் சத்தம் மாதிரியே இருந்தது. வெயில் வேறு இதமாக அடித்தது. உட்கார்ந்தால் செத்தோம்.

"நான் நின்னுக்கிறேன்" என்றான்.

மோனிகா கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து நீட்டினாள். "கண்ணத் தொடச்சிக்க. மேல இருக்கும்போதே நாத்தம் வந்துச்சு, தைலம்" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஜாஹிதா வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தாள். இம்மானுவேல் அவர்களுக்குப் பின்னால், காவலுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

சும்மா நிற்பானேன் என்று போனை எடுத்துப் பார்த்தான். தான் இல்லாமல் கம்பெனியில் என்ன பாடுபடுகிறார்களோ! ஒரு மிஸ்டு கால் இல்லை. சூப்பர்வைசர் குரூப்பில் ஒரு ரோஜாப் பூவோடு காலை வணக்கம் போட்டிருந்தார். நேற்று ராத்திரி யார் பர்னஸைப் பார்த்துக்கொண்டது என்று கேட்டுச் செய்தி அனுப்பினான். புதுப்பையன், நல்லா பாத்துக்கினான் என்று பதில் வந்தது. இத்தனை வருஷம் எதற்காகப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் கிடந்தோம் என்று அங்கே, அந்நிய ஊர் ஆற்றங்கரையில், முதல்முறையாக அவனுக்குத் தோன்றியது. அப்போதாவது போய்ப் பேசியிருக்கலாம். கல்லில் இடமில்லை.

திரும்பும் விமானத்தில் காற்று சரியில்லை, யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். ஜாஹிதா ஓரத்து சீட்டுக்காரரிடம் பேசி இடம் மாற்றிக்கொண்டு, நடு சீட்டை அவனுக்கு விட்டாள். அவன் உட்கார்ந்தான். மிளகாய் தீர்ந்துபோயிருந்தது. வெளியே இருட்டிவிட்டது, பார்க்க ஒன்றுமில்லை.

"தூங்குறதுன்னா தூங்கு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் மோனிகா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கணக்கை முடித்துவிட்டவளைப் போல அமைதியாகச் சொன்னாள்.

இம்மானுவேலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நிஜமான பயம். திங்கட்கிழமை இவள் பதில் சொல்வாள், பெட்டி கட்டுவாள், அப்புறம் காலையில் படியேறினால் சாவி கொடுக்க ஆளிருக்காது, பூட்டுதான் இருக்கும். இமை இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மோனி. ஓசூருக்குப் போவாத. நீ போய்ட்டா நான் ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டேன். போவாத."

சொல்லிவிட்டான். ஒரு வாரமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. உடம்பெல்லாம் லேசாகி, தோள் இறங்கி, மூச்சு சீராக வந்தது. மோனிகா அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்ததைப் பார்த்தான். அதுதான் அவன் கடைசியாகப் பார்த்தது.

தடால் என்று சக்கரம் தரையில் மோதியபோது விழித்தான். மீனம்பாக்கம். அவன் தலை மோனிகாவின் தோளில் இருந்தது. அவள் புடவையில் அவன் எச்சில். மோனிகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எந்த வார்த்தைக்காக விடியலிலிருந்து மிளகாயைத் தின்றானோ அந்த வார்த்தையின்போது தூங்கிவிட்டான். மெதுவாக ஜாஹிதா பக்கம் குனிந்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டான்.

"அத அவங்க வாயால கேட்டுக்குங்கண்ணே. நீங்க கொறட்ட வுட்டுக்கினு இருந்தப்போ அழுதாங்க, அது மட்டும் சொல்றேன்" என்றாள் ஜாஹிதா.

அழுதாளா? எதற்கு அழுதாள்? போகிறேன் என்று அழுதாளா, போகவில்லை என்று அழுதாளா? விமானம் நின்றது. எல்லோரும் எழுந்து பைகளை இறக்கினார்கள். ஜாஹிதா வழிவிட்டு நகர்ந்ததும் இம்மானுவேல் நடைபாதைக்கு வந்து, பின்னால் வருகிறவர்களை மறித்துக்கொண்டு நின்றான்.

"மோனி, இன்னா சொன்ன? எனக்குக் கேக்கல."

"சொல்லிட்டேன். நீ தூங்கிட்ட."

"இன்னொரு வாட்டி கேக்கறேன். ஓசூருக்குப் போவாத. எங்கூடவே இரு." குரல் உயர்ந்துவிட்டது. முன்னால் இறங்கப் போனவர்கள்கூடத் திரும்பினார்கள். பூமிகா, கூட்டத்துக்கு வழிகாட்டத் தூக்கியிருந்த கொடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

மோனிகா எழுந்து நின்று சேலைத் தலைப்பால் அவன் எச்சிலைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ன நான் மலையப் பாக்கவா முழிச்சிக்கினு இருக்கச் சொன்னேன்? இதக் கேக்கறதுக்குத்தான். காலையிலேர்ந்து கொடிக்கம்பம் கணக்கா நிக்கிற."

"இப்பக் கேட்டுட்டேன் இல்ல?"

"போவல. நாளைக்குப் போயி பகல் ஷிப்டு கேளு. குடுக்கலன்னா நான் நைட்டு கேட்டு வாங்கிக்கிறேன். எனக்கு நீ முழிச்சிக்கினு இருக்கவே வேணாம்யா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கணும். அவ்ளோதான்."

பின்னால் யாரோ, சார் கொஞ்சம் நகருங்க என்றார். இம்மானுவேல் நகரவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தான். இருந்தாலும், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றான். மோனிகா முறைத்தாள், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.