மாயர் நகரத்தின் மக்கள்தொகை

மாயர்களின் அந்தப் பாழடைந்த நகரத்துக்குப் போகும் ஒவ்வொரு சுற்றுலாக் குழுவும் திரும்பும்போது ஒருவரை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். ஆளே இல்லாத இடத்தை நகரம் என்று சொல்ல முடியாது. காடு என்றுதான் சொல்ல வேண்டும். காட்டுக்கு நுழைவுச்சீட்டு விற்பது முறையல்ல. அடுத்த குழு வந்து ஆள் மாற்றும்வரை, விடப்பட்டவரே நகரத்தின் மக்கள்தொகை.

விசாலாட்சி பேருந்திலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். காரைக்குடியை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் கணவர் சொக்கலிங்கம் ஓர் இடிபாடு விடாமல் அவளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இன்னும் பல ஊர்கள் பாக்கி இருந்தன. அவளுக்கு உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. வேறு ஆசை இல்லை.

“நான் இருந்துக்கிறேங்க” என்றாள்.

“நீ இங்க இருந்துட்டா என் பிரஷர் மாத்திரையை யாரு எடுத்துக் குடுப்பா?”

“நீல டப்பா. பையில மேலயே இருக்கு.”

முந்தைய குழு விட்டுப்போன கோயம்புத்தூர் நாச்சிமுத்து, பிரமிடின் நிழலில் பெட்டியோடு தயாராக நின்றார். பொறுப்பை ஒப்படைக்கும்போது அவர் எதையும் மறைக்கவில்லை.

“சொகமா இருக்கலாம்னு நெனைக்காதீங்க அம்மணி. காலைல நாந்தானுங்க ராசா. மத்தியானம் கல்லு செமக்கறதும் நாந்தான். பந்து வெளையாட்டுல ரெண்டு பக்கமும் நானேதானுங்க. தோத்தவன் தலையை எடுத்துருவாங்க, எடுக்கறதும் நாந்தான். அதனால தெனம் சமமாவே முடிச்சுக்கறது.”

“உக்கார நேரம் இருக்குமா?”

“ராசா உத்தரவு போட்டா உண்டுங்க. எனக்கு வாச்ச ராசா அப்படி இல்லீங்க.”

தம்மைப் பற்றி இப்படி வருத்தப்பட்டுவிட்டு நாச்சிமுத்து பேருந்தில் ஏறி, சொக்கலிங்கத்தின் பக்கத்தில் அமர்ந்தார். நீல டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டார். பேருந்து போய்விட்டது.

விசாலாட்சி அரசியானாள். மக்கள் அனைவரும் உட்காரலாம் என்று ஆணையிட்டாள். மந்திரியாக அதை ஆட்சேபித்து, கோபுர வேலை அரைகுறையாக நிற்பதைச் சுட்டிக்காட்டினாள். அரசியாக மந்திரியை நீக்கினாள். பிறகு குடிமகளாகி, ஆணைக்குக் கீழ்ப்படிந்து, புல்தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள்.

மக்கள் என்ற சொல்லில் தானும் அடக்கமா என்று பிரமிடு கொஞ்ச நேரம் யோசித்தது. ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அது நின்றுகொண்டிருந்தது. கடைசியில் மெல்ல முனகி, காலை மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

விசாலாட்சி சற்றே நகர்ந்து இடம் விட்டாள்.