நடுவர் எழும்வரை

மீசைக்காரரின் படை சுற்றி வளைத்திருந்த ஊரில்தான் என் அக்கா கைக்குழந்தையோடு ஒரு நிலவறையில் கிடந்தாள். அந்த மீசைக்காரருக்குத்தான் நான் மொழிபெயர்ப்பாளர். அக்கா விஷயம் தெரிந்தால் சமாதானப் பேச்சு மேசையிலிருந்து என்னை எழுப்பிவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, அவர் பேசியதை மட்டும் பேசினேன்.

எல்லாம் கூடிவந்து, ஊர் ஜனம் வெளியேறச் சாலையைத் திறப்பது மட்டும் பாக்கி. "வழி விட முடியாது. பேச்சு முடிஞ்சது" என்று மீசைக்காரர் காகிதங்களை மடித்தார். ஒரு சொல் குறைக்காமல் எதிர்த்தரப்புக் கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். "இவங்களோட பேசுறதுக்குச் சுவத்தோட பேசலாம்" என்று அவரும் மேல்கோட்டை எடுத்து மாட்டினார்.

நடுவர் அம்மா மட்டும் அசையவில்லை. வேறு நாட்டுக்காரர், முழங்கால் வலி வேறு.

"நான் எழுந்திரிச்சாத்தான் கூட்டம் முடியும். நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட விதி. அதுக்கு முன்னாடி யாரு வாசலைத் தாண்டுறாங்களோ, அவங்கதான் பேச்சை முறிச்சாங்கன்னு வெளியில நிக்கிற பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லுவேன்."

"அப்ப நீங்க எழுந்திரிங்க" என்றார் மீசைக்காரர்.

"மாட்டேன்."

மகாவீரர்கள் இருவரும் குண்டுக்குப் பயப்படாதவர்கள், பழிக்குப் பயந்தார்கள். நீ முதலில் போ என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்று, கால் கடுத்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு வந்து ஆறியது. அம்மா தண்ணீர்கூடத் தொடவில்லை; குடித்தால் எழ வேண்டி வருமே! நானும் தொடவில்லை. அவருக்குத் துணையாக என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பொழுது சாயும்போது மீசைக்காரர், "சரி, தொலையட்டும். வழி விடுறோம்" என்று முனகினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். துப்பாக்கிச் சூட்டை நிறுத்தச் சொல்லி இரண்டு பக்கமும் உத்தரவு பறந்தது. அம்மா அப்புறம்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நான் தாழ்வாரத்துக்கு ஓடி அக்காவைப் போனில் அழைத்தேன்.

"சண்டை நின்னுடுச்சுக்கா. சாலை திறந்தாச்சு, கெளம்பு."

"போடி. போன தடவையும் ரேடியோவுல இப்படித்தான் சொன்னாங்க. நம்பி வெளியில போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரலை." குழந்தை அழுதது. "இதை நீ சொல்றியா, அவங்க சொல்றாங்களா?"



"நான் சொல்றேன்கா. பிள்ளையைத் தூக்கிட்டு வா."