ஒன்று முப்பதுக்குள்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெர்னா கடைசி இடைவெளியையும் பனியால் அடைத்தாள்.

ட்ரெய்லர் வீட்டைச் சுற்றி, தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஓடும் தகரத்தின் மேல் இடுப்பு உயரத்துக்குப் பனியை வாரிக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்கியிருந்தாள். பெருங்குளிர் வருகிறது என்று ரேடியோ சொன்னால் வடக்கு மினசோட்டாவில் அந்த ரோட்டில் இருக்கிற எல்லா ட்ரெய்லருக்கும் இதுதான் வைத்தியம். அடியில் காற்று புகுந்தால் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும். குளிரைத் தடுக்கப் பனியைவிட மலிவான சாமான் அந்தப் பக்கம் கிடையாது.

வருடா வருடம் இது அவள் கணவன் லைலின் வேலை. அக்டோபரில் மர லாரியின் மேலிருந்து விழுந்த பிறகு அவனால் குனிய முடியாது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலில் நின்றான். கண்ணாடியில் படிந்த உறைபனியைத் தட்டு அளவுக்குச் சுரண்டி, அதன் வழியே மேற்பார்வை பார்த்தான்.

கேஸ் டேங்குக்குப் பின்னால் மூலையில், கை அகலத்துக்குத் தகரத்தில் ஓர் இடைவெளி இருந்தது. வெர்னா மண்வெட்டியால் அதைக் காட்டி, "இதையுமா?" என்று கத்தினாள். லைல் கையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினான். பிறகு ஜன்னலிலிருந்து மறைந்துவிட்டான். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அவன் முதுகு தாங்காது.

சீக்கிரம் முடி என்கிறான் என்று எடுத்துக்கொண்டு, அவள் மூன்று வெட்டு பனியை அள்ளிப் போட்டு அதையும் மூடினாள்.

"எல்லாம் ஆச்சா?" என்றான் லைல், அவள் உள்ளே வந்ததும்.

"ஆச்சு. எறும்புகூட நுழையாது."

"எனக்கு ஒரு நாள் புடிக்கும். நீ ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்ட."

"நீ ரோட்டுல போற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கதை பேசுவ. எனக்கு அந்தப் பாக்கியம் இல்ல."

செவ்வாய்க்கிழமை மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. தபால் வராது. தேவாலயத்தில் புதன்கிழமைச் சாப்பாடு ரத்து. ரேடியோக்காரர் வரிசையாகப் படித்துக்கொண்டே போனார். அவள் வேலை பார்க்கும் வான்கோழி ஆலையின் பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை. வரும் என்று வெர்னா எதிர்பார்க்கவும் இல்லை. பதினொரு வருடமாக அது ஒரு நாளும் வந்ததில்லை.

வேலைக்கு வராத நாளுக்கு ஆலை போடும் தண்டனைப் பாயின்ட் அவளுக்கு ஏழு இருந்தது. எட்டு வந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆறு பாயின்ட், லைல் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு நாள். டாக்டர் காகிதம் கொடுத்தால் கழித்துவிடலாம் என்றார்கள். காகிதம் நான்கு நாள் தாமதமாக வந்தது. ஏழாவது, நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின வாரம் கார் பள்ளத்தில் இறங்கிய நாள். ஷிப்ட் இரண்டு மணிக்கு. வர முடியாதவர்கள் ஒன்று முப்பதுக்குள் ஆலையின் நம்பருக்குப் போன் செய்து, மெஷினிடம் தங்கள் எண்ணை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். அப்போது ஒரு பாயின்ட்டோடு போகும். பனிப்புயல் நாட்களில் அந்த ஒன்றையும் சில சமயம் போடாமல் விடுவார்கள். சொல்லாமல் நின்றால் மூன்று, அதில் பேச்சே இல்லை.

லைலின் முதுகு ஆபரேஷனுக்கு மார்ச் பத்து என்று நாள் குறித்திருந்தார்கள். அது வெர்னாவின் வேலையோடு வரும் காப்பீட்டில் நடக்க வேண்டியது. வேலை இல்லை என்றால் ஆபரேஷனும் இல்லை.

செவ்வாய் இரவு வேலை விட்டு வந்து படுக்கும்போதே தலை வலித்தது. புதன்கிழமை காலை எழுந்தபோது இன்னும் அதிகம். ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தில் இரண்டு முறை உப்புப் போட்டாள். காபிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினாள்.

"ஃப்ளூ வருது எனக்கு," என்றாள்.

"எனக்கும் தலை சுத்துது. முதுகு மாத்திரைதான் காரணம்," என்றான் லைல்.

ஆனால் ஆலையில் தலைவலி மெல்ல மெல்ல விட்டது. இடைவேளையில் அவனுக்குப் போன் செய்தாள்.

"இங்க வந்தா சரியாயிடுது, லைல். வீட்டுல உன் மூஞ்சியப் பாத்தாதான் வலிக்குது போல."

"முப்பது வருஷமாவா வலிக்குது?"

"இப்பதான் கவனிச்சேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு வழக்கத்தைவிட நீளமாகப் போனது. பிறகு, "ஹாலு சுவத்துல இருந்த அந்த அலாரப் பெட்டி நீ போனதுலேர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு," என்றான். "குளிருக்கு பேட்டரி செத்திருக்கும். கழட்டி டிராயர்ல போட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. தூங்கு."

வியாழக்கிழமை அவள் கண் விழித்தபோது கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பகல் பன்னிரண்டா, வேலைக்குப் போய் வந்தாயிற்றா என்று பிடிபடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அப்படியானால் பகல். பகல் என்றால் ஷிப்ட் இன்னும் முடியவில்லை. அல்லது தொடங்கவில்லை. இரண்டில் எது என்று யோசிக்கும்போது முதலில் எதை யோசித்தோம் என்பது போய்விட்டது.

காரைக் கிளப்பப் போனாள். அது முனகக்கூட இல்லை. முன்பக்கக் கம்பிகளுக்கு இடையே, என்ஜின் உறையாமல் காக்கும் ஹீட்டரின் வயர் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. இரவு பிளக்கில் சொருகாமல் விட்டிருக்கிறாள். இத்தனை குளிர்காலத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எதற்காகத் தொங்குகிறது என்று கொஞ்ச நேரம் நின்றாள். விரல் நுனிகள் வெளுத்த பிறகுதான் கையுறை போடவில்லை என்பது தெரிந்தது.

உள்ளே வந்து கேலனுக்குப் போன் செய்தாள். கேலன் ராஸ்க் அவள் வரிசையின் லைன் லீடர். முப்பத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளே வெர்னாதான்.

"கேலன், கார் போயிடுச்சு. வழியில என்னையும் ஏத்திக்கிறியா?"

"கண்டிப்பா. ஒண்ணேகாலுக்கு வந்துடறேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? குடிச்சிருக்கீங்களா?"

"லூத்தரன் வீட்டுல பகல்லயாப்பா."

ஒன்று பத்துக்கே கேலனின் பிக்அப் வந்து நின்றது. அவன் ஊர்த் தீயணைப்புப் படையிலும் இருந்தான். அதற்குச் சம்பளம் கிடையாது. கொடுத்த ஒரே உருப்படியான பொருள் அந்தக் கனத்த ஜாக்கெட். இந்த மாதிரி வாரத்தில் ஆலைக்கும் அதையே போட்டுக்கொண்டு போவான். கழுத்துப்பட்டையில் விரல் நீளத்துக்கு, விஷவாயுவைக் காட்டும் ஒரு மஞ்சள் மீட்டர் மாட்டியிருந்தது.

கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்ததுமே மீட்டர் கூவத் தொடங்கியது.

"அந்தச் சனியனத்தான் கழட்டிட்டமே," என்றாள் வெர்னா. "மறுபடியுமா கத்துது?"

கேலன் அவளைப் பார்த்தான். இடது கால் பூட்ஸ் வலது காலில் இருந்தது. கோட்டை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். ஜன்னல்களின் உள்பக்கத்தில் தண்ணீர் வழிந்தது. சோபாவில் லைல், முகம் நன்றாகச் சிவந்து, வாய் திறந்தபடி கிடந்தான்.

"எழுந்திரிக்க மாட்டேங்குறான். சோம்பேறி," என்றாள்.

"வெர்னா, வெளிய போங்க. என் வண்டியில ஏறுங்க."

"பூட்ஸ்…"

"இப்பவே."

அவளை முழங்கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். திரும்பி ஓடி, லைலைப் போர்வையோடு சேர்த்துத் தரையில் இழுத்து, படியில் இறக்கி, பின் சீட்டில் போட்டான். டேங்கின் வால்வை மூடினான். வீட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டான். உள்ளே இருந்த சூடு முழுவதும் வெள்ளைப் புகையாக வெளியே உருண்டது. வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

வண்டியில் ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. முகமூடி ஒன்றுதான். அதை லைலின் முகத்தில் வைத்துப் பட்டையை இறுக்கினான். இரண்டு நிமிடம் கழித்து லைல் இருமினான். பிறகு கண்ணைத் திறந்து முகமூடியை ஒதுக்கினான்.

"மூலைய விட்டியா?" என்றான்.

"எந்த மூலை?"

"டேங்குக்குப் பின்னாடி. வீட்டச் சூடாக்குற கேஸ் ஃபர்னஸு அந்த வழியாத்தான் மூச்சு வாங்கும். வேணாம்னு கைய ஆட்டுனேனே."

"சீக்கிரம்னுல்ல நெனச்சேன்."

"வேணாம்னு ஆட்டுனேன்."

"பேசாதீங்க லைல்," என்று கேலன் முகமூடியைத் திரும்ப வைத்தான். "மூணு நாளா ஃபர்னஸ் விட்ட கார்பன் மோனாக்சைடைத்தான் ரெண்டு பேரும் இழுத்திருக்கீங்க. போன் பண்ணின கையோட வெர்னாவும் மயங்கியிருந்தா நான் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு ஆள் இல்லைன்னு போயிருப்பேன்."

வெர்னா டாஷ்போர்டைப் பார்த்தாள். பச்சை எண்கள். ஒன்று இருபத்து மூன்று.

"கேலன், நாம கெளம்பலையா?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

"எனக்கு ஏழு இருக்கு."

"தெரியும்."

"அப்ப போன் பண்ணணும்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஒன்று மட்டும் தலைக்குள் தெளிவாக இருந்தது. "ஒண்ணு முப்பதுக்குள்ள."

கேலன் தன் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் வைத்து, அவள் கையில் கொடுத்தான். பெண் குரல் வந்தது, அவசரமில்லாத குரல். உங்கள் பணியாளர் எண்ணின் ஆறு இலக்கங்களை அழுத்தவும்.

வெர்னா விரலை நீட்டினாள். நான்கை அழுத்தினாள். விரல் அங்கேயே நின்றது.

பதினொரு வருடம், நாளுக்கு இரண்டு முறை அழுத்திய எண். கை அதைத் தானாகவே போடும். இப்போது கை அவளைப் பார்த்தது. நான்கு, ஏழு, ஏழு. இல்லை, அது அம்மா வீட்டு போன் நம்பர். நான்கு, ஒன்று. அது ஏதோ பாட்டின் எண், தேவாலயப் புத்தகத்தில்.

"நாலு ஒண்ணு ஆறு," என்று அழுத்தத் தொடங்கி, மீதியைக் குத்துமதிப்பாக முடித்தாள்.

இந்த எண் எங்கள் பதிவில் இல்லை. மீண்டும் முயலவும்.

"உங்க எண் இருக்குற கார்டு எங்க?" என்றான் கேலன்.

"பஞ்ச் மெஷின் பக்கத்துல. எல்லாரோடதும் அங்கதான தொங்குது."

கேலன் வெர்னாவிடமிருந்து போனை வாங்கி அலுவலகத்துக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி மெஷினுக்குப் போட்டு அவளிடம் தந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். பதிவில் இல்லை.

"நான் போய்ச் சொல்றேன், விடுங்க. நான்தான லைன் லீடர். என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன்."

"நம்ம லைன் ரோண்டாவுக்கும் போன வருஷம் இப்படித்தான் போய்ச் சொன்னியே."

"சொன்னேன்."

"என்ன ஆச்சு?"

கேலன் கண்ணாடியின் உறைபனியை நகத்தால் சுரண்டினான். "நீங்க முயற்சி பண்ணுங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

மூன்றாவது முறை அவள் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். நான்கு. ஆறு. பூஜ்யம். ஒன்று. அப்புறம் இரண்டு இருக்கிறது. இரண்டும் ஒரே எண். ஒரே எண்ணா? பின்சீட்டிலிருந்து லைல் முகமூடிக்குள் ஏதோ சொன்னான். "என்ன?" என்று திரும்பினாள். அவன் கண் மூடியிருந்தது. திரும்பியதில் ஐந்தை அழுத்தினோமா ஒன்பதையா என்று தெரியவில்லை.

அதிகபட்ச முயற்சிகள் முடிந்துவிட்டன. முப்பது நிமிடம் கழித்து அழைக்கவும். நன்றி.

ஒன்று முப்பத்தொன்று.

ஒன்று ஐம்பதுக்குக் கேலன் இரண்டாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "எனக்கும் ஆறு," என்றான், அவளைப் பார்க்காமல். பிறகு இன்னும் ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான், ஆம்புலன்ஸ் வரும்வரை. ஸ்ட்ரெச்சரை ஏற்ற உதவிவிட்டு, பனி தெறிக்க ஆலைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

ஆம்புலன்ஸில் இரண்டு முகமூடி இருந்தன. எதிரெதிரே படுக்க வைத்தார்கள். இளம்பெண் ஒருத்தி வெர்னாவின் விரலில் கிளிப்பை மாட்டினாள்.

"உங்க பேரு?"

"வெர்னா ஸ்கோக்லண்ட்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

வெர்னா யோசித்தாள். கிழமை வரவில்லை. ஆனால் வேறு ஒன்று வந்தது. முழுதாக, ஒரே வரிசையில், சமையலறை அலமாரியில் எப்போதும் இருக்கும் இடத்தில் இருப்பதுபோல. நான்கு ஆறு பூஜ்யம் ஒன்று எட்டு எட்டு.

"எனக்கு ஒரு போன் குடும்மா. ஒரே நிமிஷம்."

"முகமூடிய எடுக்கக் கூடாது."

"பேச வேணாம். அமுக்கினாப் போதும்."

அந்தப் பெண் தன் போனைக் கொடுத்தாள். விரல் தானாக ஓடியது. எட்டு, எட்டு. குரல் உடனே வந்தது. நன்றி, வெர்னா ஸ்கோக்லண்ட். உங்கள் வராமை பதிவு செய்யப்பட்டது. தொடர்ந்து அது மணியையும் பாயின்ட் கணக்கையும் சொன்னது. ஆக்சிஜனின் சீறலில் அது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிரே லைலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"எடுத்துக்கிச்சு," என்றாள். முகமூடி முழுக்க நீராவி படர்ந்தது. "லைல், எடுத்துக்கிச்சு."

லைலின் கால் கதவுப் பக்கம் இருந்தது. கதவுக்கு மேல் கடிகாரம், இரண்டு ஒன்பது. அவன் அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, அவனும் மெல்லக் கட்டைவிரலை உயர்த்தினான்.