ஒன்பதாவது எட்டிலொன்று

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தபோதே ஏதோ பிழை என்று ஜூலியட்டுக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, மகளுக்குக் காணியைச் சீதனமா எழுதலாம். பின் துண்டு உங்கட பேரிலதான் கிடக்கு. ஆனா கிணத்துப் பங்கு எழுத ஏலாது."

"ஏன் தம்பி?"

"உங்களிட்ட இல்லை."

ஜூலியட் சிரித்தாள். கிணறு அவளுடைய வளவுக்குள் நிற்கிறது. அவளுடைய அப்பா வெட்டியது. தீவில் தோட்டவெளிப் பக்கத்து அந்த ஒழுங்கையில் உப்பில்லாத தண்ணீர் அதில் மட்டும்தான்.

"இருக்கிற கிணத்தை இல்லையெண்டுறீங்களே. வந்து எட்டிப் பாருங்கோ, உங்கட முகம் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. பழைய உறுதிப் பத்திரங்களின் பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

மண்டபம் அகதி முகாமிலிருந்து ஜூலியட் திரும்பி வந்த வருடம் அந்த ஒழுங்கையில் மூன்று வீடுகள்தான் இருந்தன. மீதி இடத்தில் கழுதைகள் படுத்துக் கிடந்தன. பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்து வந்தார்கள். புத்தளத்திலிருந்து வந்தார்கள். தொண்ணூறில் ஒரு குடும்பமாகத் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஐந்து குடும்பமாகத் திரும்பினார்கள். பட்டினத்தில் வேலை கிடைத்தவர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் காணி வேண்டும், காணியோடு நல்ல தண்ணீரும் வேண்டும். புருஷனை இழந்த ஜூலியட் துண்டு துண்டாக விற்றாள். உறுதி எழுதும்போதெல்லாம், "கிணத்தில எவ்வளவு பங்கு?" என்று கேட்பார்கள். "எட்டிலொண்டு" என்பாள். அப்பா தன்னிடம் முதலில் காணி வாங்கியவருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். வழி உரிமை என்று எழுதுவதைப் போல இதுவும் எழுத வேண்டிய ஒரு வரி என்று அவள் நினைத்திருந்தாள். அது ஒரு கணக்கு என்று நினைக்கவில்லை.

"எட்டோட கிணறு முடிஞ்சுது" என்றார் நொத்தாரிசு. "போன வருஷம் புத்தளத்தில ஒரு உறுதி முடிச்சிருக்கிறீங்கள். அது ஒன்பதாவது. அந்தப் பங்கு வெறும் கடுதாசி. வாங்கின ஆக்களுக்குத் தெரியுமோ?"

ஜூலியட் குடையை எடுத்தாள்.

மாப்பிள்ளை சுஜீவனின் தகப்பன் சந்தனம் உயிலங்குளத்தில் வயல் செய்கிறவர். சீதனமாகக் காசு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. உறுதியில் கிணற்றுப் பங்கு இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார். "தீவுக்குள்ள தண்ணியில்லாத காணி பாய் மாதிரி. படுக்கத்தான் உதவும்." ஞாயிற்றுக்கிழமை உறுதி எழுத்தைப் பார்க்க வருகிறார். அது சரிவராவிட்டால் இளைய மகள் கிருஷாந்தினியின் கல்யாணமும் இல்லை.

வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, பின்வீட்டு ஸரீனா வேலியைக் கடந்து வந்தாள். அந்த ஒன்பதாவது உறுதி அவளுடையது.

"கிருஷாந்தினி சொன்னா அக்கா. இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? எங்கட பங்கில பாதியை எழுதிக் குடுக்கிறன். நாங்க அஞ்சு பேரு, பாதி போதும்."

ஜூலியட் அவளைப் பார்த்தாள். வாங்கலாம். வேறொரு நொத்தாரிசிடம் எழுதலாம். சந்தனம் கடுதாசியைப் பார்ப்பார், தலையாட்டுவார். என்றைக்காவது சண்டை வந்தால்தான் விஷயம் வெளியே வரும்.

"இரு ஸரீனா. உனக்குப் பங்கே இல்லை."

நொத்தாரிசு சொன்னதைச் சொல்லி முடித்தபோது ஸரீனா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப ஒரு வருஷமா நாங்க களவுத் தண்ணியா குடிச்சோம்?"

"களவு என்ர."

"எட்டுக்குள்ள ஒன்பது அடங்காதுன்னு பள்ளிக்கூடத்தில சொல்லித் தரல்லியா அக்கா?" என்று கேட்டுவிட்டு ஸரீனா எழுந்து போனாள். கோப்பை பாதி நிறைந்திருந்தது.

ஜூலியட் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே மூத்த மகள் சுவேதினி. கிணற்றில் எட்டிலொன்றைச் சீதனமாக வாங்கியவள்.

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்திட்டு இப்ப என்ர வாளியில கை வைக்கிறீங்கள்."

"உன்ர பங்கை மூண்டாப் பிரிப்பம். உன்ர தங்கச்சிக்கு ஒண்டு. ஸரீனாவுக்கு ஒண்டு. மிச்சம் உனக்கு."

"ஸரீனாவுக்கு ஏன்?"

"அவளிட்ட காணிக் காசு வாங்கினது நான்."

சுவேதினியின் புருஷன் றொஷான் கதிரையில் இருந்தபடியே விரல் மடித்தான். "மாமி, நாளுக்கு இருபத்திநாலு மணித்தியாலம். எட்டிலொண்டெண்டா மூண்டு மணித்தியாலம். மூண்டாப் பிரிச்சா ஆளுக்கு ஒரு மணித்தியாலம். ஆனா ஒரு நேரத்தில ஒரு மோட்டர்தான் ஓட வேணும். இப்ப எல்லாம் சேர்ந்து இழுக்கிறதாலதான் மத்தியானத்தில உப்புக் கரிக்குது."

உப்பு எல்லோருடைய வாயிலும் கரித்தது. அதனால் மற்ற ஏழு வீடுகளும் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டன. யாருக்கு எந்த நேரம் என்பதில்தான் சத்தம் கூடியது. கடைசியில் கோயில் திருநாளுக்குப் போடுவது போலச் சீட்டுப் போட்டார்கள். சுவேதினியின் சீட்டில் விடியப்புறம் மூன்றிலிருந்து ஆறு வந்தது.

"நாலு மணி எனக்கு. சுபஹுத் தொழுகைக்கு எப்படியும் எழும்புறதுதான்" என்றாள் ஸரீனா. சுவேதினி ஐந்தை எடுத்துக்கொண்டாள். கிருஷாந்தினிக்கு மூன்று மணி மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை சந்தனம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எழுத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இருபத்திநாலில ஒரு பங்கு. அப்பிடியெண்டா என்ன தங்கச்சி?"

ஜூலியட் ஒன்றையும் மறைக்கவில்லை. எட்டுப் பங்கை ஒன்பது பேருக்கு எழுதியதைச் சொன்னாள். சீட்டுப் போட்டதைச் சொன்னாள். "உங்கட மகனுக்கு விடியப்புறம் மூண்டு மணி, ஒரு மணித்தியாலம்" என்று முடித்தாள்.

சந்தனம் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார்.

"எங்கட பக்கம் வாய்க்கால் தண்ணி முறை இப்பிடித்தான். முறை வந்தா எந்தச் சாமமெண்டாலும் மண்வெட்டியோட போகத்தான் வேணும். சுஜீவன் பழகினவன், எழும்புவான்."

ஜூலியட் மூச்சை விட்டாள்.

அவர் எழுத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார். மூலையில் யாரோ புதிதாகச் சீமெந்துக் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இனி விக்கத் துண்டு ஏதும் கிடக்கோ?"

"இல்லை அண்ணை. உங்கட மருமகளுக்கு எழுதினதுதான் கடைசி."

"நல்லது" என்றார் சந்தனம். "அவளையும் விக்க விடாதேங்கோ."