இரண்டாவது தடத்தில் பவுலின்

பவுலின் மன்னித்துவிட்டார் என்பது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் பவுலினுக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில், காவிரிக் கலவரத்தில், அவருடைய காண்டிமெண்ட்ஸ் கடையை எரித்தார்கள். பன், பிஸ்கட், சிகரெட் விற்கிற சின்னக் கடை. சில வாரங்கள் கழித்து ஒரு படக்குழு வந்து, கரி பிடித்த ஷட்டர் முன்னால் அவரை நிற்கவைத்துப் பேசச் சொன்னது. அவர் தமிழில் பேசினார். படம் ஆங்கிலத்தில், ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் ஓடிப் பெரிய பரிசு வாங்கியது. பரிசுச் செய்தியைப் போட்ட கன்னடப் பத்திரிகை, ‘கடையை எரித்தவர்களை மன்னித்த தமிழ்ப் பெண்’ என்று பவுலினின் போட்டோவையும் போட்டது. பங்குச் சாமியார் அதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொன்னார். பத்திரிகைக்காரன் புளுகியிருப்பான் என்று பவுலின் இத்தனை காலமும் ஒரு யூகத்தில்தான் இருந்தார்.

அந்தப் படம் எங்கள் பல்கலைக்கழகக் காப்பகத்துக்கு வந்திருந்தது. பரிசு பெற்ற வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பதிவுகளை மட்டும் சேர்க்கிற காப்பகம் அது. அதே பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அங்கே இரவு ஷிப்டில் வேலை. பழைய கேசட்டுகளை ஓட்டிக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். நல்ல படங்களும் இருந்தன, மோசமான படங்களும் இருந்தன. இரண்டிலும் ஏழைகள் வாயைத் திறந்தார்கள், உடனே ஆங்கிலம் அவர்களுக்காகப் பேச ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து மூன்றில் காப்பகத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். பவுலினைப் படமெடுத்த ஸ்ரீகண்டன்தான் இப்போது காப்பகத்தின் இயக்குநர். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், மேடையில் ஆங்கிலம். விழாவில் தன் படத்தைப் போட்டு, முடிந்ததும் பவுலினுக்குச் சால்வை போர்த்துவதாகத் திட்டம். அவருக்கு ஒருமுறை படத்தைக் காட்டிவிடு என்று என்னிடம் சொல்லியிருந்தார். விழா நாள் காலை, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தேன்.

பவுலின் பட்டுப்புடவையில் வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இதுவரைக்கும் படத்தப் பாத்ததே இல்லையா ஆன்ட்டி?”

“யாரு காட்டுனா? பரிசு அவங்களுக்கு. பேப்பர்ல மூஞ்சி மட்டும் எனக்கு.”

கேசட்டை ஓட்டினேன். எரிந்த ஷட்டர், அதன் முன்னால் இளைய பவுலின். “என் புருஷன் அத்திபெலே தாண்டிட்டாரு” என்று, கணவர் தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் போனதைத் திரையில் அவர் சொன்னதும் தமிழ் அமுங்கியது. மேலே ஒரு பெண்ணின் மெல்லிய ஆங்கிலம் ஏறியது. நான் அவர்களை மன்னித்துவிட்டேன், எனக்கு அமைதி போதும், மற்றதைக் கடவுளிடம் விட்டுவிட்டேன் என்றது. ஆங்கிலம் புழங்கும் கண்டோன்மெண்டில் வளர்ந்த பவுலினுக்கு அந்த ஆங்கிலத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நிறுத்துப்பா. யாரு இவ?”

“டப்பிங் குரல் ஆன்ட்டி. நீங்க பேசறத ட்ரான்ஸ்லேட் பண்றாங்க.”

“என்னத்த ட்ரான்ஸ்லேட்? நான் இப்பிடிப் பேசவே இல்ல.” திரையைக் காட்டினார். “அப்ப இங்கருந்துதான் கெளம்பிருக்கு.”

அந்தக் கேசட்டில் ஒலிக்கு இரண்டு தடங்கள். முதல் தடத்தில் ஆங்கிலக் குரல் மட்டும். இரண்டாவது தடத்தில் அந்த இடத்தின் சத்தமும், பேசியவரின் சொந்தக் குரலும். வேறு மொழிக்காரர்கள் படத்தை வாங்கினால் முதல் தடத்தை மூடிவிட்டுத் தங்கள் குரலை ஒட்டிக்கொள்ளலாம் என்பதற்காக அப்படிச் செய்வது வழக்கம். நான் ரீவைண்ட் செய்து, ஒலி மிக்சரில் முதல் தடத்தின் சறுக்குப் பொத்தானை இறக்கினேன், இரண்டாவதை ஏற்றினேன். இரைச்சலுக்கு நடுவே பவுலினின் குரல் வந்தது.

“என் புருஷன் அத்திபெலே தாண்டிட்டாரு. நான் தாண்டல. எதுக்குத் தாண்டணும்? மூஞ்சில துணி கட்டிக்கிட்டு வந்தானுங்க. ரெண்டு பேரு கண்ணு எனக்குத் தெரியும். தெனம் என்கிட்ட பன்னு வாங்குற கண்ணு. மன்னிக்கிறியான்னு கேக்குறீங்க. அவன் வந்து கேட்டானா? கேக்கட்டும், அப்புறம் சொல்றேன். நாளைக்குக் கடையத் தொறப்பேன். மறுபடி எரிச்சா மறுபடி தொறப்பேன்.”

பவுலின் தலையை ஆட்டினார். தான் சொன்னது சரிதான் என்று பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“அந்த ரெண்டு பேரும் இப்பவும் வர்றானுங்க. ஒருத்தன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சான். ஆன்ட்டி ஆன்ட்டின்னு உருகுறான். மன்னிப்பு மட்டும் கேக்கல. ஏன் கேப்பான்? ஆன்ட்டி குடுத்துட்டாங்கன்னு பேப்பர்லயே போட்டாச்சே.”

ஸ்ரீகண்டன் உள்ளே வந்தபோது இரண்டாவது தடம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்று கேட்டார். எதுவும் புரியாத மாதிரி நடிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“பவுலின்மா, அப்போ ஊர் இருந்த நெலம உங்களுக்கே தெரியும். நீங்க சொன்னத அப்படியே போட்டிருந்தா, மறுபடி உங்க கடைக்குத்தான் வந்திருப்பாங்க.”

“வந்தா வரட்டும்னு நானே சொல்லிட்டேனே சார். கேமரா முன்னாடி.”

“ஒருத்தரோட பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?”

“பயப்படுறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிட்டேன். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க.”

ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. இப்போ என்ன பண்ணச் சொல்றீங்க?”

“இப்ப ஊரு எரியல இல்ல? மாத்துங்க.”

“முடியாதும்மா. பரிசு வாங்கின படம் எப்படி இருந்ததோ அப்படியேதான் காப்பகத்துல இருக்கணும். ஒரு ஃப்ரேம்கூட தொடக்கூடாது. அதான் ரூல்.” வெளியே யாரோ கூப்பிட்டார்கள். துணைவேந்தர் சாயங்காலம் வருகிறார், பூச்செண்டு இன்னும் வரவில்லை. அவர் போய்விட்டார்.

பவுலின் எழுந்துகொள்ளவில்லை. மிக்சரைக் காட்டினார்.

“இது அந்த கேசட்டுலயே இருக்கறதுதான? நீ எதையும் மாத்தல?”

“இல்ல ஆன்ட்டி. ரெண்டு தடமும் பரிசு வாங்கின கேசட்டுல இருக்கறதுதான்.”

“சாயங்காலம் யாரு ஓட்டப்போறது?”

“நான்தான். ஹால்ல கடைசி வரிசைக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன். வேணும்னா நானே மொதல் பொத்தான எறக்கிடறேன்.”

“ஏன், நீயும் எனக்காகப் பேசப்போறியா?”

நான் நகர்ந்து மிக்சருக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டேன்.

“எந்தப் பொத்தான்னு காட்டு” என்றார்.

ஹால் நிறைந்திருந்தது. மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள், முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிகாரிகள். மேடையில் துணைவேந்தருக்குப் பக்கத்தில் ஸ்ரீகண்டன், அவருக்குப் பக்கத்தில் பவுலின். தட்டில் சால்வையை மடித்து வைத்திருந்தார்கள். விளக்குகளை அணைத்ததும் பவுலின் மேடையிலிருந்து இறங்கினார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஓரமாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். நான் எழுந்து நாற்காலியை விட்டேன்.

படம் ஓடியது. எரிந்த ஷட்டர் வந்தது. பவுலின் இடது கையால் முதல் பொத்தானை ஒரே இழுப்பில் கீழே இறக்கினார், வலது கையால் இரண்டாவதை மேலே தள்ளினார். அவசரப்படவில்லை.

பெரிய ஸ்பீக்கர்களில் அவர் குரல் இரைச்சலோடு எழுந்தது. தமிழ் தெரிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். “தெனம் என்கிட்ட பன்னு வாங்குற கண்ணு” என்றபோது எங்கோ ஒருவர் சிரித்துப் பாதியில் நிறுத்தினார். மற்றவர்கள் பக்கத்து ஆளிடம் என்ன, என்ன என்று கேட்டார்கள். பவுலினின் பேச்சு முடிந்ததும் யாரோ விளக்கைப் போட்டார்கள். நான் கேசட்டை நிறுத்தினேன்.

ஸ்ரீகண்டன் மைக்கைப் பிடித்து, ஒலியில் சிறு கோளாறு, மன்னிக்கவும் என்றார்.

“கோளாறு ஒண்ணும் இல்ல சார்.” பவுலினுக்கு மைக் தேவைப்படவில்லை. கடையில் கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவர். “அதான் நான் பேசுனது.”

துணைவேந்தருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மா என்ன சொன்னார் என்று கன்னடத்தில் கேட்டார். பவுலினின் கன்னடம் ஸ்ரீகண்டனின் கன்னடத்துக்குக் குறைந்ததில்லை. அவரே சொல்லியிருக்கலாம்.

“மாத்துனவரு அவருதான். அவரே சொல்லட்டும்” என்று கன்னடத்தில் துணைவேந்தருக்குச் சொன்னார். பிறகு ஸ்ரீகண்டனைப் பார்த்துத் தமிழில்: “இங்கிலீஷ் வேணாம் சார். கன்னடத்துல சொல்லுங்க. பேப்பர்ல அதுலதான வந்துச்சு.”

ஸ்ரீகண்டன் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். கணவர் எல்லை தாண்டிப் போனதை, பவுலின் போகாததை, மறுநாள் கடை திறப்பேன் என்றதை, மன்னிப்பை யாரும் வந்து கேட்கவில்லை என்றதை எல்லாம் நல்ல கன்னடத்தில், தடங்கலில்லாமல் சொல்லி உட்காரப் போனார்.

“கண்ண விட்டுட்டீங்க சார்.”

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். “அது இப்போ தேவையாம்மா?”

“அதுதான் தேவை.”

ஹால் காத்திருந்தது. அவர் கையை எடுத்தார். எரித்தவர்களில் இரண்டு பேரின் கண்கள் இவருக்குத் தெரியும், அவர்கள் தினமும் இவரிடம் பன் வாங்குகிறவர்கள் என்றார். பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதினார்கள். அவர்களில் முன்பு அந்த மன்னிப்புச் செய்தியைப் போட்ட கன்னடப் பத்திரிகையின் ஆளும் இருந்தார்.

பவுலின் கையோடு கொண்டுவந்து என் நாற்காலிக்கடியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துக்கொண்டார். மேடைப் பக்கம் போகவில்லை.

“சால்வை ஆன்ட்டி” என்றேன்.

“போத்துறவரு போத்திக்கட்டும். காலைல கடைக்கு வா, டீ தர்றேன். பேப்பர் வந்ததும் பன்னு வாங்க எவன் வர்றான், எவன் வரலன்னு பாக்கலாம்.”