நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

"அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். வெறும் வீக்கம்னு சொல்லி ஆபரேஷனை முடிச்சிடலாம்."

சரிபார்க்கத் திறந்து வைத்திருந்த லிஃப்ட் இன்டர்காமில் வந்தது மகனின் குரல்.

மொட்டை மாடி மெஷின் ரூமில், எண்ணெய்க் கையோடு ரிசீவரைப் பிடித்திருந்தவர் அசையவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்கு அவர்தான் மெக்கானிக். 'ஸ்பானர்' என்றால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை தெரியும். வராண்டாவில் பேசினால் நர்ஸுகள் மூலமாக அப்பா காதுக்குப் போய்விடும் என்றுதான் மகன் டாக்டரை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தான். புராஸ்டேட்டில் ஊசி வைத்துச் சதை எடுத்த பிறகு வீட்டில் படுத்திருக்க வேண்டிய அப்பா, இன்டர்காம் கரகரக்கிறது என்று போன் வந்ததும் கிளம்பிவிட்டது அவனுக்குத் தெரியாது.

"கையெழுத்து அவர்தானே போடணும் தம்பி?"

"கண்ணாடிய ஒளிச்சு வெச்சிடறேன். படிக்காமலே போட்டுடுவார்."

ஸ்பானர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

"டாக்டர், ஸ்பானர் பேசறேன்."

"அப்பா...?"

"நீ சும்மா இரு. ஃபேன் ஓடுது, ஒண்ணும் ஆகாது. டாக்டர், எனக்கு என்ன?"

"இப்படியா கேக்கறது? ரூமுக்கு வாங்க..."

"ரூம்லதான் நேத்து கேட்டேன். 'பார்க்கலாம்'னீங்க."

உள்ளே ஃபைல் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"கேன்சர்தான். புராஸ்டேட்டுக்குள்ளயே இருக்கு, பரவல. மெதுவா வளர்ற வகை."

ஸ்பானர் நிமிர்ந்தார். எதிரே லிஃப்டின் இரும்புக் கயிறுகள் விறைத்து நின்றன. ஓர் இழை அறுந்ததற்காக அவர் ஒருநாளும் முழுக்கயிற்றையும் மாற்றியதில்லை. சாக்பீஸால் குறி வைப்பார். மாதாமாதம் வந்து அறுந்த இழைகளை எண்ணுவார். எண்ணிக்கை ஏறினால்தான் வெட்டு.

"வெட்டியே ஆகணுமா?"

"உடனே வேணும்னு இல்ல. ரத்தம், ஸ்கேன், திரும்ப ஊசினு விடாம கண்காணிக்கலாம். வளர்ந்தா ஆபரேஷன், இல்ல கதிர் சிகிச்சை. ஆபரேஷன்னா சிலருக்கு மூத்திரம் கசியும். அப்புறம்... உங்க மகன் பக்கத்துல இருக்கான்."

"அவன் எப்படிப் பொறந்தான்னு அவனுக்குத் தெரியும். சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுவும் கஷ்டமாகலாம்."

"அப்பா," மகன் குரல் உடைந்தது. "அம்மாகிட்ட அவங்க நோயைச் சொன்ன அன்னிக்கே சாப்பாட்ட நிறுத்திட்டாங்கப்பா. ஆறே வாரத்துல போயிட்டாங்க."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். அதற்கு இரண்டு நொடி தேவைப்பட்டது.

"உங்கம்மா வேற கயிறுடா. நான் வேற. வெட்டறதா, எண்ணறதானு நான்தான் சொல்லுவேன். ரெண்டு பேரும் மேல வாங்க. ஃபைலோட."

பொத்தானை விடுவித்தார். படியிறங்கி ஏழாவது மாடியில், மூடிய லிஃப்ட் கதவுக்கு நேரே நின்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, எண்ணெய் படாத விரலால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கதவுக்கு மேலே சிவப்பு எண் ஐந்தானது. ஆறானது.